முன் சீட்டு மாப்பிள்ளை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் டிரிப் ஷீட்டில் புறப்பட்ட கிலோமீட்டர், வந்து சேர்ந்த கிலோமீட்டர். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் சந்தேகம். மலர் அச்சடிக்கிறவர்கள் எழுத்தைத் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நம் வேன் ஸ்டாண்டின் ஆயுத பூஜை மலருக்கு நான் எழுத வேண்டும் என்று செயலாளர் தயாளன் வீடு தேடி வந்து கேட்டான்.

“எனக்குப் பேசவே வராது தயாளா. எழுதறது எங்க?” என்றேன்.

“பேசறவன்லாம் ஸ்டாண்டுல உக்காந்து பேசிகினே கீறான்ணா. ஒருத்தனும் ஒரு வரி எழுதிக் குடுக்கல. நீங்க பேசாத ஆளு. எல்லாம் உள்ளயே சேந்து கீது உங்களுக்கு.”

அவன் கேட்டதற்கு வேறு காரணமும் உண்டு. போன மாதம் நம் ஸ்டாண்டு வேன் ஒன்று செஞ்சிக் கோட்டைக்குக் கிளம்பி, பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் இரண்டு மாப்பிள்ளைகள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் யார் உட்காருவது என்று தகராறு. இப்போது எல்லாமே போனில் புக்கிங். எத்தனை பேர், எங்கே ஏறுவார்கள், எந்த ஊர் என்று மட்டும் வருகிறது. குடும்பத்தில் பெரிய மாப்பிள்ளை யார் என்று போன் கேட்பதில்லை. என் முதலாளி எத்திராஜ் அண்ணன் கேட்பார்.

எனக்கு ஐம்பத்தாறு வயது ஆகிறது. சர்க்கரையால் வலது கண் மங்கி, இரண்டு வருடத்துக்கு முன் வண்டியை விட்டேன். வண்டிக்கு வந்த கதை பெரியது இல்லை. லாரியில் கிளீனர், பிறகு மேற்குத் தாம்பரத்தில் எத்திராஜ் அண்ணனிடம் வண்டி கழுவுகிற வேலை, பிறகு ஒரு நாள் டிரைவர் வராததால் ஸ்டியரிங். அன்றிலிருந்து குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம், காஞ்சிபுரம், செஞ்சி, சதுரங்கப்பட்டினம் கோட்டை, ஆலம்பரைக் கோட்டை, லீவு விட்டால் இரண்டு நாளாகத் தஞ்சாவூர். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இது ஏற்ற வேலை. எல்லோரும் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள். முன் சீட்டில் ஒரே ஒரு ஆள்தான்.

எத்திராஜ் அண்ணன் யாரையும் திட்டியதில்லை. கோபம் வந்தால் வண்டியின் பானெட்டில் கை வைத்து வண்டியிடம் பேசுவார். வண்டிக்கு ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தார். நான் லேட்டாக வந்தால், “ராசாத்தி, உன்ன ஓட்டறவரு இப்பதான் எய்ந்து வராரு போல கீதே. நைட்டு சரியா தூங்கினாரான்னு கேளு” என்பார். நானும் பானெட்டைப் பார்த்தே, “தூங்கினேண்ணே” என்பேன். நேரில் திட்டினால் கூட இத்தனை வெட்கமாக இருக்காது.

புக்கிங் செய்ய யாராவது வந்தால் அவர் பெஞ்சில் உட்காரவைத்து விசாரிப்பது கல்யாணத் தரகர் விசாரிப்பது போல இருக்கும். யாருக்கு மூட்டு வலி, யாருக்கு வாந்தி வரும், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, பெரிய மாப்பிள்ளை யார். கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் நோட்டில் சிவப்பு மையில் எழுதுவார். முன் சீட்டு அவருக்கு. அவர் வேண்டாம் என்று சொன்னால்தான் அடுத்தவர். வேண்டாம் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். முதல் இரண்டு முறை சொல்வது மரியாதைக்கு.

அவர் சட்டங்கள் இன்னும் உண்டு. வாந்திக்கு ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் கவர், முன்னால் அரை டஜன் எலுமிச்சம்பழம். கோட்டைக்குள் போனவர்கள் ஐந்து மணிக்கு வரவேண்டும் என்றால் நாலு மணி என்று சொல்ல வேண்டும். மழை பெய்தால் வண்டியை ரிவர்ஸில் வீட்டு வாசல் வரை விட்டுப் பெண்களை நனையாமல் இறக்க வேண்டும். சரித்திரம் சொல்லக் கூடாது.

“நீ அஞ்சாவது. அவங்க எம்மே. கேட்டா, ராஜா கட்னதுன்னு சொல்லு. பொய் இல்ல” என்றார்.

நான் அதைக் கொஞ்சம் மீறினேன். ஒருமுறை சதுரங்கப்பட்டினம் கோட்டை வாசலில் ஒரு டீச்சரம்மா, “இது யாருங்க கட்டினது?” என்று என்னைக் கேட்டார். மாமல்லபுரத்தில் இருந்து வருகிற வழி ஆயிற்றே என்று, “பல்லவ ராஜாங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் போர்டைப் படித்தார். டச்சுக்காரர்கள் என்று போட்டிருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைக்குள் போய்விட்டார். நல்ல அம்மா. அன்றைக்கு வீடு வரும் வரை நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. அது தப்பு. டிரைவர் கண்ணாடி பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். தயாளன் எழுதச் சொன்னது தணிகாசலம் சார் குடும்பத்தின் கதையை.

தணிகாசலம் சார் இரும்புலியூரில் வீடு கட்டிக்கொண்டு இருந்தவர். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். சம்சாரம் சரோஜா அம்மா. இரண்டு பெண்கள். பெரியவள் கீதாவின் புருஷன் பாஸ்கர், பொத்தேரியில் கல்லூரிப் பையன்கள் தங்குகிற ஒரு விடுதிக்கு மேனேஜர். புதிதாக வரும் பையன்கள் சிலர் அவரை வாட்ச்மேன் என்று நினைத்து, “அண்ணா, கேட்ட திறங்க” என்பார்களாம். அதில் அவருக்கு ஏற்கெனவே மனவருத்தம்.

சின்ன மகள் கல்யாணத்தன்று மண்டபத்தில் நகை வைத்திருந்த அறைச் சாவியைத் தணிகாசலம் சார் பாஸ்கர் கையில் கொடுத்து, “நீங்க இங்கயே இருங்க மாப்ள, நான் ஆள் அனுப்பறேன்” என்று போனார். ஆள் அனுப்ப மறந்துவிட்டார். தாலி கட்டினார்கள். மேளம் கொட்டினார்கள். குடும்பமாக போட்டோ எடுத்தார்கள். முதல் பந்தி எழுந்தது. பாஸ்கர் பூட்டிய அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாவியோடு உட்கார்ந்திருந்தார். ஆல்பத்தில் அவர் ஒரு படத்தில்கூட இல்லை. “என்னை வாட்ச்மேன் ஆக்கிட்டீங்க. இனிமே உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பொத்தேரிக்குப் போனவர் இரண்டு வருடம் மிதிக்கவில்லை. கீதாவையும் அனுப்பவில்லை.

அப்போது கீதாவுக்கு ஏழாம் மாதம், தலைப் பிரசவம். தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். பெண்ணை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்க வேண்டியவர் மாமனார், மாமனாரும் மாப்பிள்ளையும் பேசுவதில்லை. யாரோ ஒரு சொந்தக்காரர் சொன்ன யோசனையில் வழி கிடைத்தது. வாசற்படிதானே மிதிக்க மாட்டார், மாமல்லபுரத்துக்கு வரலாமே. அங்கே உள்ள வாசற்படியெல்லாம் பல்லவ ராஜாவுடையது. பாஸ்கரும் சரி என்றார். பொது இடம் என்றால் வருவாராம்.

எத்திராஜ் அண்ணன் நோட்டில் சிவப்பு மையில் எழுதினார். ராசாத்தியின் பானெட்டைத் தட்டி, “இந்த டிரிப்பு மட்டும் அந்தப் பொண்ணு ஆத்தா வூட்டுக்குப் போறதுக்கோசரம். ஓட்டறவன்கைல சொல்லு, வாயத் தொறக்காம போய்ட்டு வரணும்னு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரும்புலியூரில் சாரையும் அம்மாவையும் சின்ன மகளையும் அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டு பொத்தேரிக்குப் போனேன். பாஸ்கர் இஸ்திரி கலையாத சட்டையில் நின்றிருந்தார். கீதா தன் அம்மாவைப் பார்த்ததும் பின் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டாள். அவர் முன் சீட்டில் ஏறினார். வேண்டாம் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும் பின்னாலிருந்து சார் குரல் வந்தது.

“டிரைவர், முன்னால ஏசி போதுமான்னு கேளுங்க.”

முன்னால் இருப்பது நானும் பாஸ்கரும். எனக்குப் போதும். அவரைப் பார்த்தேன்.

“போதும்னு சொல்லுங்க” என்றார் பாஸ்கர், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

“போதுமாங்க சார்” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்.

இப்படி ஆரம்பித்தது. செங்கல்பட்டு வருவதற்குள் நான் என் வாழ்க்கையில் ஒரு மாதம் பேசுகிற பேச்சைப் பேசிவிட்டேன். டிபன் எங்கே என்று கேளுங்கள், எங்கே ஆனாலும் சரி என்று சொல்லுங்கள், ஜன்னலை மூடச் சொல்லுங்கள், மூடியாகிவிட்டது என்று சொல்லுங்கள். சின்ன மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். பிறகு பேச்சு வேறு பக்கம் போனது.

“டிரைவர், அவரக் கேளுங்க. ஒரு ஆளை நம்பி ரெண்டு பொண்ணுங்க நகையையும் ஒப்படைக்கிறது அவமானமா, மரியாதையான்னு.”

“டிரைவர், சொல்லுங்க. மரியாதை குடுக்கறவங்க சாப்பிடக் கூப்பிட மறக்க மாட்டாங்கன்னு.”

இதை எப்படிச் சொல்வது. இருவருக்கும் காது நன்றாகக் கேட்கிறது, ஆனாலும் நான் சொன்னால்தான் கணக்கு. நான் கியரை மாற்றினேன். வண்டி சத்தத்தில் காதில் விழாதது போல இருந்தேன்.

“டிரைவர், சொன்னீங்களா?”

“ரோட்ல பள்ளங்க சார்” என்றேன்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் பார்த்தார்கள். கீதாவால் அதிகம் நடக்க முடியாது என்பதால் கல் யானை நிழலில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டில் கொண்டு போனபோது பாஸ்கர் அவள் பக்கத்தில் குனிந்து, “கால் வீங்கியிருக்கே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. பார்க்கிங்கில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “அந்த நாற்காலியில மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன்ண்ணா. ஒண்ணுக்குக்கூட போகல. சாவி என் கையில இருக்கே” என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சார் வந்து அதே இடத்தில் நின்று, “எனக்கு ஆம்பளப் புள்ள கிடையாது டிரைவர். வேற யார்கிட்ட சாவி குடுப்பேன்?” என்றார். பேசாதவனிடம் எல்லோரும் பேசுவார்கள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டியது இரண்டு பாதியாக என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் எனக்கு வாய் இல்லை.

வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு வந்தபோது சாரே இறங்கி வந்தார். மனைவியிடம் மெதுவாக, “எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுக்கலாம். அவர நடுவுல நிக்கச் சொல்லு” என்றார். அது சாதாரண போட்டோ இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்தில் விட்டுப்போன போட்டோ அது. சரோஜா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வரிசைப்படுத்தினார். பாஸ்கர் நடுவில் நிற்கக் கூச்சப்பட்டு, “இங்கயே இருக்கேன் அத்தை” என்று ஓரத்தில் கீதாவுக்குப் பக்கத்தில் நின்றார். ஆனால் சிரித்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை என்று கீதா பிறகு சொன்னாள்.

சார் போனை என் கையில் கொடுத்தார். “எல்லாம் முழுசா விழணும் டிரைவர்.”

நான் அதுவரை யாரையும் போட்டோ எடுத்ததில்லை. பெண்கள் நிற்கிற இடத்தை உற்றுப் பார்க்கவும் கூச்சம். அதனால் பாறையைப் பார்த்தேன். பாறை பெரியது. அது முழுசாக விழவேண்டும் என்று பின்னால் போனேன், பக்கத்தில் நகர்ந்தேன், உச்சி வெட்டுப்படாமல் பார்த்தேன். அழுத்தினேன். ஐந்தாறு அழுத்தினேன்.

சின்ன மகள் போனை வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது. சார் வாங்கினார். பாஸ்கர் எட்டிப் பார்த்தார்.

பாறை முழுசாக விழுந்திருந்தது. எல்லோரும் விழுந்திருந்தார்கள். பாஸ்கரில் ஒரு முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

“இன்னொண்ணு எடுக்கலாம் மாப்ள” என்று சரோஜா அம்மா சொல்லி முடிப்பதற்குள் அவர் சரிவில் இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயில் வரவில்லை. அவர் வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து, “சாவி குடுங்க. நான் வண்டியப் பாத்துக்கறேன். அதுதான எனக்கு வேலை” என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. புளியோதரையை வாழை இலையில் மடித்து என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். பசி இல்லை என்று சொல்லச் சொன்னார். கடற்கரைக் கோயிலுக்கு யாரும் போகவில்லை. கீதா புல்வெளியில் படுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “என் பொண்ணு எங்க வீட்டுக்கு வரமாட்டாளா?” என்று சரோஜா அம்மா கேட்டார். என்னைக் கேட்கவில்லை, ஆனால் பக்கத்தில் நான்தான் இருந்தேன். ஒரு பாறையைப் பார்த்ததில் ஒரு பெண்ணின் பிரசவத்தைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது.

திரும்பும்போது மழை. திருக்கழுக்குன்றம் சாலையில் மரம் விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். கேளம்பாக்கம் போய் வண்டலூர் வழியாக வந்தேன். வெறும் வயிற்றோடு இருந்த பாஸ்கர், மாம்பாக்கம் வருவதற்குள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். முன் சீட்டில் இருப்பவரைத் தூங்கவிடக் கூடாது, டிரைவருக்கும் தூக்கம் வரும். எழுப்பக் கூச்சமாக இருந்தது.

வண்டலூர் நெருங்கும்போது சரோஜா அம்மா என் சீட்டுக்குப் பின்னால் வந்து காதோடு சொன்னார்.

“தம்பி, கீதாக்கு அவசரமா பாத்ரூம் போகணும். தாங்க மாட்டா. எது கிட்டக்க இருக்கோ அங்க போங்க.”

வண்டலூரில் இடது பக்கம் திரும்பினால் பொத்தேரி, வலது பக்கம் இரும்புலியூர். வலது பக்கம்தான் கிட்டம். மழையில் யாரைக் கேட்பது? வலது பக்கம் ஒடித்தேன்.

வீட்டுக்கு முன்னால் தெருவில் முழங்கால் தண்ணீர். மழையென்றால் ரிவர்ஸ், பெண்கள் நனையக் கூடாது. கை தானாகச் செய்தது. சார் குடையோடு இறங்கிக் கேட்டை இரண்டு பக்கமும் திறந்து, தண்ணீரில் நின்றுகொண்டு சைகை காட்டினார்.

“வாங்க, வாங்க. லெஃப்ட்ல ஒடிங்க. வாங்க, வாங்க, வாங்க.”

அத்தனை வாங்க எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கேட்டைத் தாண்டி, பூந்தொட்டிகளைத் தாண்டி, போர்ட்டிகோவுக்குள் பின் சக்கரம் ஏறியது. வண்டியை நிறுத்தினேன். பின் கதவு வீட்டு வாசலுக்கு இரண்டடி. கீதா இறங்கி நேராக உள்ளே ஓடினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குள் போனது அப்படித்தான், பாத்ரூமுக்கு.

இன்ஜின் சத்தம் நின்றதும் பாஸ்கர் விழித்தார். கண்ணாடியைத் துடைத்தார். ரோஜாத்தொட்டி தெரிந்தது. துளசி மாடம் தெரிந்தது.

“அண்ணா, இது யார் வீடு?”

“சார் வீடுங்க.”

“நான் எப்படி இங்க வந்தேன்?”

“ரிவர்ஸ்லங்க.”

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். “என் கால் தரையில படல. நீங்கதான் சாட்சி.”

“படலைங்க.”

சார் குடையை மடக்கிவிட்டு வாசற்படியில் நின்றார். நனைந்திருந்தார். நான் ஏதாவது செய்திருக்க வேண்டும். நான் வைப்பரை நிறுத்தினேன்.

“டிரைவர், அவரக் கேளுங்க. காபியா டீயா?”

“இந்த வீட்ல எதுவும் வேணாம்னு சொல்லுங்க.”

“டிரைவர், அவர் அன்னைக்கு சொன்னது வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு. காபியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஹெட்மாஸ்டரா இருந்தவன் நான். சொல்லாததச் சேத்து எழுதினா மார்க் போட மாட்டேன்.”

பாஸ்கர் யோசித்தார். காலை டிபனுக்குப் பிறகு சாப்பிடாதவர். உள்ளேயிருந்து காபிப் பொடி வாசனை வந்தது.

“சக்கரை கம்மியா” என்றார். என்னிடம்தான் சொன்னார். ஆனால் அதைச் சார் நேராகவே வாங்கிக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தார்.

காபி வந்தது. பிறகு சூடாக உப்புமா வந்தது. பாஸ்கர் சம்மணம் போட்டபடி முன் சீட்டிலேயே சாப்பிட்டார். சரோஜா அம்மா மழையில் ஜன்னலுக்கு வெளியே நின்று, “மாப்ள, அவ அசந்து தூங்கிட்டா. காலைத் தலகாணில தூக்கி வச்சிருக்கேன். ஒரு வாரம் இருந்துட்டு வரட்டுமே” என்றார்.

பாஸ்கர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“அவ இங்க இருந்தா நான் எப்படி அத்தை பாக்கறது?”

அவர் சொன்ன சொல்லை அவரே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் எடுக்கச் சொல்லவும் முடியாது. மழை பெய்தது. சார் படியிலிருந்து இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“டிரைவர், ஞாயித்துக்கிழமைல இந்த வண்டி ஃப்ரீயா?”

இப்படித்தான் அது நடந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் முதல் டிரிப்பு பொத்தேரி. பாஸ்கரை ஏற்றிக்கொண்டு இரும்புலியூர். ரிவர்ஸ். போர்ட்டிகோ. கீதா வந்து என் சீட்டில் உட்காருவாள், நான் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். எத்திராஜ் அண்ணன் பானெட்டைத் தட்டி, “ராசாத்தி, கோட்டைக்கும் கோயிலுக்கும் போய்கினு இருந்த. இப்ப ஒரு வூட்டுக்குத் திண்ணையாய்ட்ட” என்றார். ஆனால் அந்த நேரத்துக்கு வேறு டிரிப்பு ஒன்றும் பிடிக்கவில்லை.

வளைகாப்பு ஹாலில் நடந்தது. பாஸ்கர் வேனிலிருந்து பார்த்தார். அவருக்குத் தெரியவேண்டும் என்று சோபாவை நகர்த்தினார்கள், கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்தார்கள். ஒரு பெரிய மனுஷி குறுக்கே உட்கார்ந்துவிட்டார் என்பதற்காகச் சார் ஓடி வந்து, “வண்டிய அரையடி முன்னால எடுங்க டிரைவர்” என்றார். எடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டு, போர்ட்டிகோவுக்கு வந்து வேனைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முதல் பந்தியில் முதல் இலை வேனுக்கு வந்தது. சார் கையாலேயே பரிமாறினார்.

“இன்னும் கொஞ்சம் பாயசம்?”

“போதும்.”

“போதும்னா எப்படி.”

“சரி, கொஞ்சம்.”

இடையில் நான் இல்லாமலே இந்தப் பேச்சு நடந்தது. இருவரும் அதைக் கவனிக்காதது போல இருந்தார்கள். நானும்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் வாசற்படி பிரச்சினை இல்லை, பாஸ்கர் நாள் முழுக்க அங்கேயே கிடந்தார். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு பழையபடி வேன். முதல் ஞாயிறு அவர் செருப்பைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு, கையை டெட்டால் போட்டுத் துடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டுத் தயாராக உட்கார்ந்தார். சரோஜா அம்மா குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பாஸ்கர் வாங்கிக்கொண்டார். மூச்சுவிடக்கூட பயந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு, “ஐயோ” என்றார்.

குழந்தை சட்டையை நனைத்துவிட்டது. துணியெல்லாம் ஈரம். குழந்தை வீறிட்டது. வேறு துணி எடுக்கச் சரோஜா அம்மா உள்ளே போயிருந்தார், கீதா குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை இன்னும் பலமாக அழுதது. பாஸ்கர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் குழந்தையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினார். வெறுங்காலோடு போர்ட்டிகோவைத் தாண்டினார். “அத்தை, துணி எங்க இருக்கு? குளிர்ல நடுங்குது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே வாசற்படியை மிதித்து, ஹாலைத் தாண்டி, உள்ளே போய்விட்டார்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சார் நிமிர்ந்தார். சின்ன மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சார் உதட்டின் மேல் விரலை வைத்தார். வாசல் பக்கம் வந்து என்னைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

பயணியை விட்டுவிட்டு வண்டியை எடுப்பது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. நான் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தேன். சத்தம் வராமல் கதவைச் சாத்தி, இன்ஜினைப் போட்டு, நேராகக் கேட்டுக்கு வெளியே எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். சார் கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்ப உட்கார அவருக்கு வண்டி இல்லை.

ஸ்டாண்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். எத்திராஜ் அண்ணன் முன் கதவைத் திறந்து பார்த்தார். சீட்டுக்குக் கீழே பாஸ்கரின் செருப்பு இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்ந்து கிடந்தன.

“அவசரத்துல மறந்துட்டாருண்ணே. போய்க் குடுத்துட்டு வந்துடறேன்” என்றேன்.

அவர் செருப்பை எடுத்துத் தன் மேஜைக்கு அடியில் வைத்தார். பானெட்டில் கை வைத்தார்.

“ராசாத்தி, இவன்கைல சொல்லு. ஒரு வாரம் போவட்டும். செருப்பு வந்தா கெளம்பிடுவாரு.”

இரும்புலியூர்,
14.9.2025, ஞாயிற்றுக்கிழமை.